செர்வான்டெஸ் சொன்னதா? அத்தியாய எண்ணைப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் தில்லிப் பதிப்பின் 'இன்றைய சிந்தனை' பகுதியில் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டெஸ் பெயரில் வந்த "நாய்கள் குரைக்கின்றன சாஞ்சோ, அப்படியென்றால் நாம் போய்க்கொண்டிருக்கிறோம்" என்ற வரி 'டான் குயிக்ஸாட்' நாவலில் எங்குமே இல்லை. இதே கருத்து ஜெர்மன் கவிஞர் கெத்தே 1808இல் எழுதிய சிறு கவிதை ஒன்றில் உண்டு. அதில் குயிக்ஸாட்டின் பணியாள் சாஞ்சோ கிடையாது. மேடைப் பேச்சாளர்களுக்கு வசதியாக இருப்பதால் இந்த வரி சாகாமல் சுற்றுகிறது. "வாழ்க்கையை உள்ளபடி பார்ப்பதுதான் பெரிய பைத்தியக்காரத்தனம்" என்பதும் செர்வான்டெஸுடையதல்ல. டேல் வாசர்மன் எழுதி 1965இல் மேடையேறிய 'மேன் ஆஃப் லா மாஞ்சா' இசை நாடகத்து வசனம் அது.

சரிபார்ப்பது பெரிய வேலையில்லை. 1605இல் வந்த முதல் பாகத்தில் 52 அத்தியாயங்கள், 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் 74. பாகம், அத்தியாயம் இரண்டும் இல்லாமல் வரும் மேற்கோளை அச்சுக்கு அனுப்பாதீர்கள். யாராவது "மூன்றாம் பகுதி" என்று எழுதினால் உடனே தள்ளிவிடவும் வேண்டாம். முதல் பாகத்துக்குள்ளேயே நான்கு பிரிவுகள் இருந்தன. சில பழைய ஆங்கிலப் பதிப்புகளில் ஒவ்வொரு பிரிவிலும் அத்தியாய எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஸ்பானிய மூலமும் ஜான் ஆர்ம்ஸ்பியின் 1885ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் இணையத்தில் இலவசம். தேடும்போது முழு வாக்கியத்தையும் கொடுத்தால் ஒன்றும் அகப்படாது, மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு வாக்கியம் மாறும். 'நாய்' போல மாறாத ஒரு சொல்லைக் கொடுத்து, அது வரும் இடங்களையெல்லாம் பார்த்துவிட வேண்டும். கணினி ஒத்துவராதவர்களுக்கு ஹனுமான் சாலை செர்வான்டெஸ் நிறுவனத்தில் நூலகம் இருக்கிறது.

வரி உண்மையாகவே நாவலில் இருந்தாலும் யார், எப்போது சொன்னது என்று பார்க்காவிட்டால் பாதி ருசி போய்விடும். "ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கும்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாகம், 21ஆம் அத்தியாயம். பழமொழிகள் எல்லாம் அனுபவத்தில் பிறந்தவை, பொய்க்காதவை என்று பீடிகை போட்டுவிட்டுத்தான், தன்னை மாவீரராகக் கற்பனை செய்துகொண்டு அலையும் குயிக்ஸாட் இதைச் சொல்கிறார். எதைப் பார்த்து? பக்கத்து ஊருக்குச் சவரம் செய்யக் கழுதையில் போகும் ஒரு நாவிதர், மழைக்குத் தொப்பி நனையாமலிருக்கப் பித்தளைக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்திருக்கிறார். அது பழங்கதைகளில் வரும் மன்னன் மாம்பிரினோவின் தங்கத் தலைக்கவசம் என்று நம்பி, ஈட்டியோடு பாய்கிறார் நம் வீரர். நாவிதர் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறார். திறந்த கதவு இதுதான்! தன்னம்பிக்கைப் பக்கத்தில் இந்த வரியைத் தனியாகப் போடும்போது செர்வான்டெஸின் குறும்பு முழுவதும் காணாமல் போகிறது.

நேராகவே எடுத்துப் போடத்தக்க அறிவுரை வேண்டுமென்றால் இரண்டாம் பாகத்தின் 42, 43ஆம் அத்தியாயங்களுக்குப் போகலாம். ஒரு பிரபு விளையாட்டாகக் கொடுத்த பராத்தாரியா 'தீவை' ஆளப் புறப்படும் சாஞ்சோவுக்கு குயிக்ஸாட் சொல்பவை அவை. நீதியின் கோல் வளைய நேர்ந்தால் அது கருணையின் கனத்தால் வளையட்டும், பரிசின் கனத்தால் அல்ல என்கிறார். மிதமிஞ்சிய மது இரகசியத்தையும் காக்காது, கொடுத்த வாக்கையும் காக்காது என்கிறார். நகத்தை வெட்டு, பூண்டும் வெங்காயமும் தின்னாதே, பிறர் முன்னால் ஏப்பம் விடாதே என்பதும் அதே மூச்சில்தான். தலைநகரின் அலுவலகச் சுவர்களுக்கு முதல் இரண்டு போதும். மின்தூக்கிகளில் மற்றவற்றை ஒட்டலாம்.

சிறுவர் பக்கத்துக்கு அதே இரண்டாம் பாகத்தின் 45ஆம் அத்தியாயத்தைப் பரிந்துரைக்கிறோம். பத்துப் பொற்காசு கடன் வாங்கிய கிழவர், திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சத்தியம் செய்கிறார். சத்தியம் செய்யும் நேரத்துக்கு மட்டும் கைத்தடியைக் கடன் கொடுத்தவரிடம் பிடிக்கச் சொல்கிறார். வழக்கை விசாரிக்கும் சாஞ்சோ யோசித்துத் தடியை உடைக்கச் சொல்ல, உள்ளே பத்துக் காசும் இருக்கிறது. மரியாதை ராமன் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது அந்நியமாகப்படாது. இதைப் போன்ற வழக்கு ஒன்றைத் தன் ஊர்ப் பாதிரியார் சொல்லக் கேட்டதாகச் சாஞ்சோவே ஒப்புக்கொள்கிறான். கதையைச் சுருக்கும்போது அந்த வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

ஸ்பானிய இலக்கிய வாசகர்கள் சிலர்,
ஆர்.கே. புரம், புதுதில்லி