கண்டம் என்று கையெழுத்துப் போடும் முன்

கடலூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கணினி வாங்கவும் கழிக்கவும் கையெழுத்திடும் அலுவலர்களுக்கு,

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடித்த கை இது. தானே புயலுக்குப் பிறகு, வாரக்கணக்கில் கரன்ட் இல்லாத ஊரில், ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கல்யாண போட்டோக்களை மீட்டுக் கொடுத்த அனுபவமும் உண்டு. கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பில்தான் எழுதுவேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு பள்ளிக்குப் பிரின்டர் பார்க்கப் போயிருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே பூட்டிய அறை ஒன்று. ஜன்னல் வழியே பார்த்தால் ஒன்பது கணினிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் ‘கண்டம்’ என்று எழுதியிருந்தது. இனி உதவாது, கழித்துவிடலாம் என்பதற்கு ஆபீஸ் பாஷை அது.

“ஏன் டீச்சர், என்ன ஆச்சு இதுக்கெல்லாம்?”

“விண்டோஸ் பத்து முடிஞ்சுபோச்சாம் தம்பி. இதுல பதினொன்னு ஏறாதுன்னு சொல்லிட்டாங்க.”

“ஓடுதா இல்லையா?”

“ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.”

அறையைத் திறக்கச் சொன்னேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. இருப்புப் பதிவேட்டை மட்டும் காட்டினார்கள். ஐ3 6100 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஓடிக்கொண்டிருந்த ஒன்பது கணினிகளைப் பூட்டி வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் லேபில் ஒரு மானிட்டருக்கு நான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இதே பேச்சு வேறு இடங்களிலிருந்தும் காதுக்கு வருவதால்தான் இந்தக் கடிதம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது உண்மை. அன்றோடு கணினி நின்றுவிடவில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் மாதாந்திர அப்டேட் வருவது நின்றது. “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், சும்மா ஓட்டுங்க” என்று சொல்கிற என் தொழில்காரர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஊரார் ஆதார் எண்ணும் சாதிச் சான்றிதழும் கிடக்கும் கணினியை ஓட்டை அடைக்காமல் இன்டர்நெட்டில் விடுவது, வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் படுக்கிற கதை.

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அதாவது பெரும்பாலும் 2017-க்கு முந்தைய இன்டெல் கணினி அத்தனையும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஆறாம் தலைமுறை ஐ3-க்கு எக்ஸெல் கணக்குப் போடவும் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறைத் தளத்தில் வருகை ஏற்றவும் தெம்பு இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. மைக்ரோசாஃப்ட் ஒரு கோடு கிழித்தது, இந்தக் கணினி அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது, அவ்வளவுதான். சில கடைகளில் அந்தச் சோதனையை ஏமாற்றி 11-ஐ ஏற்றிக் கொடுப்பார்கள். என் வீட்டுக் கணினியில் நானும் செய்திருக்கிறேன். அரசுக் கணினியில் அது வேண்டாம். அடுத்த பெரிய அப்டேட் ஏறுமா ஏறாதா என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

இன்னொரு சங்கதியைப் பலர் கவனிக்கவே இல்லை. விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொண்டு, பணம் கட்டி அப்டேட் வாங்க மூன்று ஆண்டுகளுக்கு வழி வைத்திருக்கிறார்கள். நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், பிறகு ஆண்டுக்காண்டு இரட்டிப்பு. பள்ளி, கல்லூரிகளுக்கு முதல் ஆண்டு 1 டாலர், அடுத்தது 2, அதற்கடுத்தது 4. ஆகமொத்தம் 7 டாலர். விண்டோஸை விட்டு வர மனமே இல்லாத பள்ளிக்கும் அந்த ஒன்பது கணினிகளைப் பூட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்த வழி அதுவல்ல, லினக்ஸ். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகவே ஏற்றிக்கொள்ளக்கூடிய இயங்குதளம்.

புதிய வித்தை இல்லை இது. கேரளத்துப் பள்ளிகள் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இதில்தான் கம்ப்யூட்டர் படிக்கின்றன. இப்போது அவர்கள் பயன்படுத்துவது உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து அவர்களே தயாரித்துக்கொண்டது. பக்கத்துப் புதுச்சேரிக்குக் கேரளத்துக்கு நடுவே மாஹே என்று ஒரு பிராந்தியம் உண்டு. அங்கிருந்து எந்தப் பக்கம் எல்லை தாண்டினாலும் லினக்ஸில் பரீட்சை எழுதும் பிள்ளைகள்தான். புதுச்சேரி போலீஸ்காரர் தலையில் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன சிவப்புத் தொப்பி இருக்கிறதல்லவா? அந்தப் பிரான்சின் ஜென்டார்ம் காவல் படை 2008 முதலே உபுண்டுவுக்கு மாறத் தொடங்கி, இன்று ஏறத்தாழ ஒரு லட்சம் கணினிகளை அதில் ஓட்டுகிறது. ஒரு நாட்டின் காவல் படைக்குப் போதும் என்றால் நம் தொடக்கப் பள்ளிக்குப் போதாதா? நம் சென்னையிலேயே மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் பாஸ் என்ற லினக்ஸை 2007-லிருந்து வெளியிடுகிறது.

தோற்றதும் உண்டு, மறைக்கவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி லினக்ஸுக்குப் போய், 2017-இல் விண்டோஸுக்கே திரும்புவதென்று முடிவெடுத்தது. நம் ஊரிலும் ஒரு நல்ல அதிகாரி இருக்கும்வரை ஓடும், அவர் மாற்றலாகிப் போனதும் அடுத்தவர் பழையபடி மாற்றுவார். கணினியைவிட மாற்றல் உத்தரவைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

நம் ஆபீஸ்களில் லினக்ஸ் ஏன் நிற்பதில்லை என்று கேட்டால் எல்லாரும் ‘ஸ்டாஃபுக்குப் பழக்கமில்லை’ என்பார்கள். நான் உட்கார்ந்து பார்த்தவன். பிரவுசர் அதேதான். வேர்டு, எக்ஸெலுக்குப் பதில் வரும் லிப்ரே ஆபிஸ் இரண்டு நாளில் பழகிவிடும். முட்டுக்கட்டை தமிழில்தான் இருக்கிறது.

ஒரு இளநிலை உதவியாளர் அம்மா தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் எல்லாம் முடித்துவிட்டு வேலைக்கு வருகிறார். விரலுக்குத் தட்டச்சுப் பொறியின் விசை வரிசை படிந்துவிட்டது. ஆபீஸ் கணினியில் அதே வரிசையோடு வானவில் எழுத்துரு. மின்னல் வேகத்தில் அடிக்கிறார். பிரச்சினை என்னவென்றால் வானவில் கோப்பு உண்மையில் தமிழே இல்லை. உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள், மேலே போர்த்தியிருப்பது தமிழ் உருவம். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் போர்வை விலகி, உள்ளிருக்கும் கிறுக்கல் தெரியும். லினக்ஸ் ஏற்றிய மறுநாள் பழைய கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு “எல்லாம் அழிஞ்சுபோச்சு” என்று அலறினால் அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

இது லினக்ஸின் குற்றமா? 1999-இல் சென்னையில் தமிழிணையம் மாநாடு நடந்து தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடும், டேஸ்16 என்ற இன்னொரு குறியீட்டு முறையும்தான் தரம் என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. ஆணை வந்தபோது பிறந்த பிள்ளைகள் இப்போது பொதுத்தேர்வு எழுதும் வயதில் இருக்கிறார்கள். எனக்கு வரும் பென்டிரைவில் இன்னும் வானவில்தான். விண்டோஸை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இதைச் சரிசெய்தே ஆகவேண்டும். அதே தட்டச்சு வரிசையில் யூனிகோடு அடிக்க லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியே வசதி உண்டு. தமிழ்99 இருக்கிறது, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் அஞ்சல் முறைக்காரர்களுக்கு அதுவும் இருக்கிறது. பழைய கோப்புகளை யூனிகோடாக மாற்றும் கருவிகளும் இலவசம். மாற்றிய பிறகு ஒற்று, கொம்பு சில இடத்தில் குளறும், ஒருவர் படித்துப் பார்க்கத்தான் வேண்டும். அந்த ஒருவருக்கு ஒரு வாரம் வேறு வேலை தராமல் இருந்தால் போதும். இதைச் செய்யாமல் லினக்ஸ் ஏற்றச் சொல்லி என்னைக் கூப்பிட்டால் நான் வர மாட்டேன். ஆறு மாதத்தில் திட்டு வாங்கப்போவது நான்தான்.

விண்டோஸிலேயே விட வேண்டிய கணினிகளும் உண்டு. சம்பளப் பட்டியலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகும் கணினி, இ-சேவை மையத்தில் கைரேகைக் கருவி மாட்டிய கணினி. அவற்றின் டிரைவர்கள் லினக்ஸில் படுத்தும் பாடு எனக்குத் தெரியும். ஆபீஸுக்கு ஒன்றிரண்டுதான் அப்படி இருக்கும். அதற்குப் புதிதாகவே வாங்குங்கள். அந்த ஒன்றைக் காரணம் காட்டி மீதிப் பத்தையும் கழிக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

புதிதாக வாங்க இது நல்ல நேரமும் இல்லை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் கிரூஷியல் ரேமையே மைக்ரான் நிறுவனம் நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் காலையில் சொன்ன ரேட் மாலையில் இல்லை. இந்த நிலையில் ஓடும் கணினியைக் காயலான் கடைக்கு அனுப்புவது எனக்கு வயிற்றெரிச்சல். அந்த ஒன்பதில் நான்கின் ரேமைக் கழற்றி வேறு நான்கில் போட்டாலே நான்கு கணினிகள் 8 ஜிபி ஆகிவிடும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. மாட்டி, லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை ஏற்றினால் பிள்ளைகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் ஓடும். ஒன்பதும் பிழைக்காது. ஆனால் நான்கு என்பது ஒரு லேபில் பாதி.

கண்டம் போடும் வழக்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு அலுவலகத்திலிருந்து ‘நெட் கிடைக்கவில்லை, போர்டு போய்விட்டது’ என்று ஒரு கணினியை என் கடைக்கு அனுப்பினார்கள். கழிப்பதற்கு எஸ்டிமேட் வேண்டுமாம். திறந்து பார்த்தால் போர்டில் இருந்த காசு அளவு பேட்டரி செத்திருந்தது. சி.ஆர். 2032, பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். அது செத்தால் கணினி ஒவ்வொரு முறையும் பல வருடம் பின்னால் போய்க் கண் விழிக்கும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையதளம் எதுவும் திறக்காது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்து அனுப்பினேன். எஸ்டிமேட் கேட்டவருக்கு வருத்தம்தான்.

கடலோரத்துக்கென்று தனி வியாதிகள் உண்டு. தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் கணினியைத் திறந்தால் ரேமின் தங்க முனைகள் உப்புக்காற்றில் கறுத்திருக்கும். பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினால் பாதி உயிர்பெற்றுவிடும். ‘டிஸ்ப்ளே வரவில்லை’ என்று கண்டமாகும் கணினிகளில் எத்தனை இந்த ரப்பருக்கு ஏங்கியவை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அப்புறம் வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறி, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பின்னாலேயே தென்பெண்ணை பெருகி நம் ஊருக்குள் வந்தது. அந்த வாரம் என் கடைக்கு வந்த அத்தனை கணினிகளும் தரையில் வைக்கப்பட்டிருந்தவை. இரண்டடி உயரத்தில் ஒரு பலகை அடிக்க டெண்டர் வேண்டாம், தச்சர் போதும்.

அடுத்த டெண்டரிலாவது சில வரிகளைச் சேருங்கள். மடிக்கணினி என்றால் ரேம் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியதாக இருக்கக் கூடாது, கழற்றி மாட்ட ஒரு ஸ்லாட்டாவது வேண்டும். பேட்டரி பசை போட்டு ஒட்டாமல் திருகாணியில் நிற்க வேண்டும். உதிரி பாகம் ஐந்து வருடமாவது கிடைக்கும் என்று விற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரான்சில் 2021 முதல் மடிக்கணினி விலைச்சீட்டோடு, அதை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று பத்துக்கு இத்தனை என மார்க் போட்டே விற்க வேண்டும் என்று சட்டம். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ‘எத்தனை ஜிபி’ என்ற கேள்விக்குப் பக்கத்தில் ‘கழற்ற முடியுமா’ என்ற கேள்வியையும் அச்சடித்தால் போதும்.

“உனக்கு இதில் ஆதாயம் இருக்கிறதே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பழையதைச் சரிசெய்தால் எனக்குக் கிடைப்பது சர்வீஸ் சார்ஜ் சில நூறு. புதிதாக ஒன்று விற்றால் அதைவிட அதிகம். ஆதாயம் பார்த்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கவே கூடாது. என் மனைவியும் அதைத்தான் சொல்கிறாள்.

நான் கேட்பது சின்னதுதான். கண்டம் பதிவேட்டில் இப்போது ‘பழுது’ என்று ஒரே சொல் எழுதிக் கையெழுத்தாகிறது. அதற்குப் பதில் என்ன பழுது, யார் திறந்து பார்த்தது, எந்தப் பாகம் செத்தது என்று மூன்று கட்டம் போடுங்கள். திறந்து பார்க்காமல் எதையும் கழிக்கக் கூடாது. பார்க்க ஆளா இல்லை? பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு கணினிக்கு ஒரு மணி நேரம் போதும். உண்மையிலேயே செத்ததை, மின்கழிவு விதிகள் சொல்கிறபடி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள், எடைக்குப் போட வேண்டாம். காயலான் கடை பின்புறத்தில் ஒயரை எரித்துச் செம்பு எடுக்கும் புகை எந்த வீட்டுக்குள் போகிறது என்று நமக்குத் தெரியும்.

அந்த ஒன்பது கணினிகளுக்குக் காசு வேண்டாம். செவ்வாய்க்கிழமை கடை லீவு, காலை பத்து மணிக்குப் பையோடு வந்துவிடுகிறேன். ரப்பரும் பேட்டரியும் நானே கொண்டுவருகிறேன். அதற்குள் அந்த அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் யாராவது விசாரித்து வையுங்கள்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூர் கணினி பழுதுபார்ப்பவன்