அப்பாமார் குடும்ப ஜெபப் பயிற்சி: உதவியவர்களுக்கு எங்கள் நன்றி

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

எங்கள் சபையில் அப்பாமாருக்கென்று நடந்த குடும்ப ஜெபப் பயிற்சி தேவகிருபையால் நிறைவடைந்தது. பிள்ளைகளோடு உட்கார்ந்து வேதத்தைத் திறக்கும் பொறுப்பை அம்மாவிடமும் ஞாயிறு பள்ளியிடமும் விட்டுவிடாமல் அப்பாவே எடுத்துச் செய்யவேண்டும் என்பதுதான் நோக்கம். யார் எந்த வகையில் உதவினார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். மற்றச் சபையாருக்கும் அது பயன்படும்.

முதல் நன்றி எங்கள் சபையில் வேதம் போதிக்கும் உபதேசியாருக்கு. ஜனவரி முதல் தேதி வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்கி, யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தின் அளவுகளில் தடுமாறி, லேவியராகமத்தில் நின்றுபோகிற வீடுகள் ஏராளம். அதனால் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கச் சொன்னார் அவர். 16 அதிகாரம்தான், சம்பவங்கள் விறுவிறுவென்று நகரும். நாளுக்குப் பத்து வசனம் என்றால் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். அவர் எழுதிக் கொடுத்த அட்டவணையில் ஒரு நாள் பகுதி அதிகாரத்தோடு முடியாது, சம்பவத்தோடு முடியும். யவீருவின் மகள் சம்பவம் (மாற்கு 5:21-43) 23 வசனம் இருந்தாலும் ஒரே இரவுக்கு வைத்திருக்கிறார். அந்தச் சிறுமி பிழைத்தாளா என்று தெரியாமல் எந்தப் பிள்ளை தூங்கப்போகும்?

நேரத்தை வகுத்துத் தந்தவர்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியைகள். மொத்தம் 15 நிமிடம்: கீர்த்தனையில் பல்லவியும் இரண்டு சரணமும், வாசிப்பு, ஒரே ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு வரி ஜெபம், பரமண்டல ஜெபம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடிக்கவேண்டும். சாப்பிட்ட பிறகு சின்னதுகள் கண்ணயர்ந்துவிடும், அப்பா அதட்டி எழுப்புவார், அதோடு ஜெபம் என்றாலே கசப்பாகிவிடும். "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால் எல்லா நாளும் "நல்ல பிள்ளையா இருக்கணும்" என்ற ஒரே பதில்தான் வரும். "நீ அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் யார் பக்கத்தில் நின்றிருப்பாய்?" என்று கேட்டால் பிள்ளை யோசிக்கிறது.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி அந்த ஆசிரியைகள் சொன்னது மிகவும் முக்கியம். எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது அண்ணன் சிரித்துவிட்டால், அந்தப் பிள்ளை மறுநாள் வேதத்தைத் தொடாது. "இயேசு கண்ணீர் விட்டார்" (யோவான் 11:35) போன்ற சின்ன வசனமாக அப்பா முன்கூட்டியே குறித்துக் கொடுக்கவேண்டும். இரட்டு, சிட்சை, பரியாசம் போன்ற பழைய சொற்களுக்கு, 1995இல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பை முன்னதாகவே பார்த்து வைத்துக்கொள்ளலாம். மனப்பாடத்துக்கு 23ஆம் சங்கீதம்: ஆறு வசனம், வாரத்துக்கு ஒன்று. பழையதைச் சொல்லிவிட்டுத்தான் புதியது.

சேகர குருவானவருக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை அவர் எடுத்துப் பேசினார். "ஆண்டவரே, இவன் படிக்கவே மாட்டேங்கிறான், போனை வைத்துக்கொண்டே இருக்கிறான், நீரே இவனைத் திருத்தும்" என்று பிள்ளை காதுபட அப்பா ஜெபிப்பது. அது ஜெபமல்ல, கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் திட்டு. பிள்ளையால் பதில் சொல்லவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21 பிதாக்களிடம்தானே சொல்கிறது? பிள்ளையின் குறையைத் தனியே கூப்பிட்டுப் பேசவேண்டும். ஜெபத்தில் அதன் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தவேண்டும். அன்று அப்பா அநியாயமாகக் கத்தியிருந்தால், பாட்டுக்கு முன்பே பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுவிடவேண்டும். பதில் தெரியாத கேள்விக்கு "அதெல்லாம் கேட்கக் கூடாது" என்று சொல்லாமல், "விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அதே வாரத்தில் சொல்லியும் ஆகவேண்டும். யாத்திராகமம் 12:26இல் பஸ்கா ஆசரிப்பைப் பற்றிப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள் என்று மோசேயே எதிர்பார்த்திருக்கிறார்.

லுத்தரன் திருச்சபை நண்பர்கள் தங்கள் ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் சிறு புத்தகத்தை, கொண்டுவந்து காட்டினார்கள். 1529இல் மார்ட்டின் லுத்தர் எழுதியது. வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்கும்படி எழுதியது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். ஒரு கற்பனை (தேவன் கொடுத்த கட்டளை), "இதற்கு அர்த்தம் என்ன?" என்ற கேள்வி, சுருக்கமான பதில். பத்துக் கற்பனைக்குப் பத்து வாரம். தங்கள் விசுவாசத்தைச் சபை முன் தாங்களே அறிக்கையிடும் திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளின் வீடுகளுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

வீட்டில் இல்லாத அப்பாமாருக்கு வழிசொன்ன வாலிபர் ஐக்கியத்துக்கும் நன்றி. மளிகைக் கடை அடைக்க இரவு பத்தாகிறவர்களுக்குக் காலை ஆறு மணி. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு வீடியோ அழைப்பு: இங்கே இரவு எட்டரை என்றால் துபாயில் ஏழு, கத்தாரிலும் சவூதியிலும் ஆறு. எல்லோரும் சேர்ந்து பாடினால் குரல் முன்பின்னாக வந்து குழம்புகிறது; அதனால் பாட்டு இங்கே, வாசிப்பு அப்பா.

தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் தனியே வணக்கம். தன் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் விசுவாசத்தைச் சொல்லும்போது அப்போஸ்தலன் பவுல், அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பேர் சொல்லி எழுதினார். தகப்பனைப் பற்றி அவன் கிரேக்கன் என்ற அளவில்தான் அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பல வீடுகளில் இத்தனை காலம் ஜெபத்தை அணையாமல் காத்தவர்கள் நீங்கள். இப்போது அப்பா தட்டுத்தடுமாறி வாசிக்கும்போது திருத்தாமல் பொறுமையாக உட்கார்ந்திருப்பதும் பெரிய உதவியே.

தினமும் மாலை தவறாமல் ஆலய மணி அடிக்கும் அண்ணாச்சிக்கும், அட்டவணையை நகலெடுத்துத் தந்த அச்சகத்தாருக்கும் நன்றி. மாற்கு முடிந்த வீடுகளுக்கு லூக்கா அட்டவணை ஆயத்தமாக இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியாரிடம் வாங்கிக்கொள்ளலாம்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆண்கள் ஐக்கிய சங்கத்தார்