ஆபரேட்டர் ரூம் மட்டும் நிற்கிறது

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து நீ மாடிப்படி ஏறுகிறாய் என்று எழுதியிருந்ததை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அவரு ஏறிருவாரு, நீங்க மொதல்ல சர்க்கரையக் கொறைங்க" என்று பதில் வந்தது. எங்கள் பக்கச் செய்தி அவ்வளவுதான். சின்னவனுக்கு வரன் பார்க்கிறோம், இன்னும் எதுவும் அமையவில்லை.

கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய், "தங்கம் தியேட்டர் இருந்த எடத்துல இப்ப என்னடா இருக்கு?" என்று. துணிக்கடை என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ரிட்டயர் ஆனவனிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாமா? பேரனுடைய பழைய கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு, மூன்று வாரமாகச் செத்துப்போன தியேட்டர்களைத் தேடி அலைகிறேன். பெட்ரோல் செலவு உன் கணக்கு.

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் அந்தத் துணிக்கடைக்கு எதிரே நின்று பார்த்தேன். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர். 2,563 சீட்டு. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் எங்கள் ஊரில்தான் என்று வெளியூர்ப் பையன்களிடம் நாம் விட்ட பீற்றல் கொஞ்சமா! அந்த 2,563தான் அதற்கு எமனாகவும் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. நாலு காட்சியும் நிறைய வேண்டுமென்றால் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பேர் வரவேண்டும். மதுரைக்கு ஒரு படம் வந்தால் ஒரே தியேட்டரில்தான் ஓடும் என்றிருந்த காலத்தில் வந்தார்கள். தேனியிலிருந்தும் மேலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். அப்புறம் வீட்டுக்கு வீடு டிவி, தெருவுக்குத் தெரு வீடியோ கேசட், ஒரே படத்தை நாலைந்து தியேட்டரில் ஒன்றாகப் போடுகிற வழக்கம் எல்லாம் வந்தன. கூட்டம் பிரிந்துபோனது. சின்ன தியேட்டருக்கு முந்நூறு பேர் வந்தாலும் பார்க்க நிறைவாக இருக்கும். தங்கத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்தால் இழவு வீடு மாதிரி இருக்கும்.

மூடுவதற்குச் சில வருடம் முன்பு நான் அங்கே செகண்ட் ஷோ போனேன். முன்னால் எங்கோ ஒருத்தர் இருமினார். அந்த இருமல் பால்கனி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. படம் என்னவென்று மறந்துவிட்டது, இருமல் மறக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் மூடினார்கள். பல வருடம் சும்மா கிடந்து, அப்புறம் இடித்தார்கள்.

சிந்தாமணி கதையும் கேள். 1937-இல் வந்த 'சிந்தாமணி' படம் கொட்டிக் கொடுத்த லாபத்தில் கட்டியது, அதனால்தான் அந்தப் பெயர். படத்தில் வந்த பணத்தைப் படக்கொட்டகையிலேயே போட்டிருக்கிறார்கள் பார். அதுவும் துணிக்கடையாகிவிட்டது. மதுரையில் தியேட்டர் செத்தால் துணிக்கடையாகத்தான் பிறக்குமோ என்னவோ! விஷயம் ஒன்றும் பெரிதில்லை. மாசி வீதி, வெளி வீதி வட்டாரத்தில் அத்தனை பெரிய இடம் ஒரே பட்டாவில் வேறு எங்கே கிடைக்கும்?

ரீகல் மட்டும் தப்பித்தது. ஸ்டேஷன் பக்கத்தில் விக்டோரியா எட்வர்ட் மன்றத்துக் கட்டிடம், உனக்கு ஞாபகம் இருக்கும். பகலில் நூலகம், சாயங்காலம் ஆனால் இங்கிலீஷ் படம். உன் அப்பாவிடம் "லைப்ரரிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு நீ போவாயே. அதில் பாதி உண்மைதான், அதனால் மாட்டிக்கொள்ளவும் இல்லை. பிறகு அது தங்க ரீகல் ஆனது. கட்டிடம் மன்றத்துடையது என்பதால்தான் யாரும் விற்றுத் தின்ன முடியவில்லை.

போன மாதம் மகள் வீட்டுக்குச் சென்னை போனபோது அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலையத்துக்கும் போனேன். அந்த வளாகத்துக்குள் ஒரு பழைய கட்டிடம், எலெக்ட்ரிக் தியேட்டர். 1913-இல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் கட்டியது. இரண்டே வருடத்தில் கடையைக் கட்டிவிட்டார், தபால் இலாகா வாங்கிக்கொண்டது. இப்போது உள்ளே தபால்தலை விற்கிறார்கள். அடுத்த வருடமே, 1914-இல், அதே சாலையை ஒட்டி சினிமா முன்னோடி ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். கெயிட்டி கடைசிவரை தியேட்டராகவே உழைத்தது, இன்று அதன் ஒரு செங்கல்கூடக் கிடையாது. இரண்டு வருடத்தில் தொழிலை விட்டது நூறு வருடம் தாண்டி நிற்கிறது. தியேட்டராகவே இருந்திருந்தால் இதையும் என்றைக்கோ இடித்து மால் கட்டியிருப்பார்கள். தபால்தலை வாங்க வந்த ஒருத்தரிடம் இதைச் சொன்னேன். "அப்படியா சார்" என்று சொல்லிவிட்டுக் கவுன்ட்டருக்குப் போய்விட்டார்.

கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டிய வெரைட்டி ஹால் தியேட்டரும் கெயிட்டி மாதிரித்தான். திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். அந்த ஹால் பின்னால் டிலைட் தியேட்டர் ஆகி, இப்போது அதுவும் போய்விட்டது. வெரைட்டி ஹால் ரோடு என்று ரோட்டுக்குப் பெயர் மட்டும் இருக்கிறது.

சரி, நான் எழுத நினைத்ததே வேறு. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், பங்காளிகளுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. அங்கே ஒரு தியேட்டரைப் பருத்தி குடோனாக வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் காலே எனக்குச் சொல்லிவிட்டது. திரையை நோக்கித் தரை சரிகிறதல்லவா, அதை யாரும் மட்டப்படுத்தவில்லை. மூட்டைகள் எல்லாம் முன்பக்கமாகச் சாய்ந்து, படம் பார்க்கிற மாதிரி நிற்கின்றன. சரியாமல் இருக்க ஒவ்வொரு வரிசைக்கும் கல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பால்கனியை எப்போதோ பிரித்தாயிற்று. ஆனால் பின்சுவரில், உயரத்தில், படம் காட்டுகிற அந்தச் சதுர ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. ஒரு ஓட்டைக்குள் புறா.

வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் அந்தத் தியேட்டரிலேயே ஆபரேட்டராக இருந்தவர் என்பது பேச்சுக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. என்னை மேலே ஆபரேட்டர் ரூமுக்குக் கூட்டிப்போனார். ஒன்றரை அடிக்கு மேல் தடித்த சுவர். ஏன் இவ்வளவு தடி என்று கேட்டேன். அந்தக் காலத்துப் பிலிம் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாதாம், தீ வெளியே போகாமல் இருக்கத்தான் இப்படி. ஓட்டைக்கு மேலே தகரக் கதவு இருக்கும், தீ என்றால் தட்டிவிட வேண்டும், பொத்தென்று விழுந்து அடைத்துக்கொள்ளும். "எல்லாத்தையும் பிரிச்சுட்டாங்க சார், இதைப் பிரிக்கக் கூலி கட்டாதுன்னு விட்டுட்டாங்க" என்றார்.

இரண்டு புரொஜெக்டர் மிஷின் நின்ற இடத்தில் நான்கு நான்கு போல்ட்டுகள் தரையில் துருப்பிடித்து நிற்கின்றன. 2,000 அடி ரீல் இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். முடிகிற நேரத்தில் திரையின் வலது மேல்மூலையில் ஒரு பொட்டு வரும், அடுத்த மிஷினை ஓட விட வேண்டும். இரண்டாவது பொட்டு வந்ததும் படத்தை அந்த மிஷினுக்கு மாற்றிவிட வேண்டும். நாம் எத்தனை நூறு படம் பார்த்தோம், அந்தப் பொட்டை ஒரு தரமாவது கவனித்தோமா? அவருக்கு இன்றைக்கும் டிவியில் பழைய படம் போட்டால் கண் தானாக அந்த மூலைக்குத்தான் போகிறதாம். "கதை பாக்கத் தெரியல சார்" என்று சிரித்தார். ஒரே பிரிண்டை இரண்டு ஊரில் ஓட்டிய கதையும் சொன்னார். பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு பையன் பறப்பானாம். அவன் டயர் பஞ்சரானால் இங்கே பெஞ்சு டிக்கெட்காரன் விசில் அடித்தே கூரையைப் பிரித்துவிடுவானாம்.

இந்த ஊரில் இதற்கு முன்னால் டூரிங் டாக்கீஸ் இருந்ததா என்று கேட்டேன். அதோ என்று கையைக் காட்டினார். வெறும் கருவேலங்காடு. கீற்றுக் கொட்டகை, மணல் தரை, லைசென்ஸ் முடிந்தால் பிரித்துக்கொண்டு அடுத்த ஊர். என் நோட்டில் அதற்கு எழுத எதுவுமே இல்லை.

கிளம்பும்போது அவர் மேலே பரண் மாதிரி ஒரு இடத்தில் துழாவி, புரொஜெக்டர் வெளிச்சத்துக்காக எரிந்து தீர்ந்த கார்பன் குச்சித் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சுண்டுவிரல் நீளம், மேலே செம்புப் பூச்சு. இதைத்தானே தியேட்டர் பின்னால் குப்பையில் பொறுக்கித் தரையில் கோடு கிழித்து விளையாடுவோம்! தனிப் பொட்டலமாக உனக்கு அனுப்புகிறேன். வீட்டில் யாராவது குப்பை என்று வீசிவிடப் போகிறார்கள், சொல்லி வை.

பதிலுக்கு ஒன்று வேண்டும். ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, உங்கள் வீட்டு உள்ளறைச் சுவரில் வேட்டி கட்டிப் படம் ஓட்டினோமே. அதில் எம்.ஜி.ஆர். கத்தியோடு நிற்கிற பிலிம் துண்டு ஒன்று உண்டு. அதை நீதான் எடுத்துப் போனாய். மூன்று கோலிக்குண்டு கொடுத்து நான் வாங்கியது அது. இன்னும் வைத்திருந்தால் தபாலில் அனுப்பு.

அன்புடன்,
சேகர்