ஐசி (அடையாள அட்டை) இல்லாத பிள்ளைக்கும் காய்ச்சல் வரும்

ஆசிரியருக்கு வணக்கம், மலேசியக் குடியுரிமை இல்லாத பிள்ளைங்களுக்கும் குடிமக்களான நம்ம கட்டணத்துலயே வைத்தியம் பாக்கணும்னு டாக்டருங்க கேட்டிருக்கிற செய்திய உங்க பேப்பர்ல படிச்சேன், ரொம்ப நியாயமான பேச்சுங்க. அரசாங்க கிளினிக்ல நமக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), ஆனா அப்பா மலேசியரா இருந்தும் கல்யாணத்த பதியாம விட்டு அம்மாவும் வெளிநாட்டுக்காரங்கனா, இங்கயே பொறந்த பிள்ளைக்கும் வெளிநாட்டுக்காரங்க ரேட்டுதான். எங்க பக்கத்து லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருக்கிற அப்படிப்பட்ட ஒரு பையன் மூணு நாளா காய்ச்சல்ல கெடந்தான், காசு சேரட்டும்னு அவன் அப்பா ரப்பர் மரத்துல பால் வெட்டப் போயிட்டாரு, கடைசியில நாங்க நாலு வீடு சேந்து காசு போட்டுதான் வார்டுல சேத்தோம், டெங்கின்னாங்க, இப்ப நெனச்சாலும் வயித்த கலக்குது. ஐ.நா. குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்துல மலேசியா 1995லயே சேந்துருச்சே! குடியுரிமை முடிவு வர்ற வரைக்கும் 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அந்த 1 வெள்ளியே போடுங்க, தோட்டக் கோயில் தலைவருங்களும் தாலி கட்டுறதுக்கு முன்னாடி பதிவு பண்ணியாச்சானு கேக்கட்டும்.

தோட்டவாசி, சுங்கை சிப்புட்