சங்குப்பூவும் சிரங்குக் களிம்பும்

ஆசிரியருக்கு,

சிரங்குக்கும் சீழ்க்கொப்புளத்துக்கும் தாவரப் பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம்) மருந்து தயாராகிவிட்டதுபோல் செய்திகள் வருகின்றன. பெரும்பாலும் கையில் இருப்பது, பாக்டீரியா வளர்க்கும் கூழான அகார் தட்டில் பாக்டீரியா வளராமல் தெரிந்த ஒரு வட்டம் மட்டுமே.

தாவரப் பெப்டைடு புதுச் சங்கதியல்ல. கோதுமை மாவில் உள்ள பியூரோதையோனின் என்ற பெப்டைடு பாக்டீரியாவைக் கொல்வது 1942லேயே தெரியும். நம் வேலியோரச் சங்குப்பூவிலும் சைக்ளோடைடுகள் என்ற வளையப் பெப்டைடுகள் உண்டு. சுமார் 30 அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்து, நடுவே மூன்று டைசல்பைடு (கந்தகப் பிணைப்பு) முடிச்சு விழுந்திருப்பதால், கொதிக்கவைத்தாலும் அவை எளிதில் குலைவதில்லை.

தட்டு வட்டத்தை ஏன் நம்பக் கூடாது? நேர்மின் சுமையுள்ள பெப்டைடு அகாரில் சரியாகப் பரவாது. இலைச்சாற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோ, ஆவியாகாமல் தங்கிய மெத்தனால் கரைப்பானோ பெரிய வட்டம் போட்டுவிடும். கரைப்பானை மட்டும் தனியாக ஒரு குழியில் வைத்தார்களா என்று முதலில் கேட்க வேண்டும். புரதத்தை வெட்டும் ட்ரிப்சின் நொதி கலந்தும் வீரியம் குறையவில்லை, ஆகவே அது பெப்டைடே அல்ல என்பாரும் உண்டு. முடிச்சு அவிழாத சைக்ளோடைடை ட்ரிப்சின் அசைக்காது!

பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த பெப்டைடைத் திரவ ஊடகத்தில், மில்லிலிட்டருக்கு 5 லட்சம் ஸ்டெஃபைலோகாக்கஸ் (சிரங்கை உண்டாக்கும் பாக்டீரியா) வைத்துச் சோதிப்பதே முறை. அந்தத் திரவம் வைக்கும் குழித்தட்டு பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பாலிஸ்டைரீன் சுவரில் பெப்டைடு ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும்.

உண்மையான பரீட்சை உப்பு. பாக்டீரியாச் சவ்வின் எதிர்மின் சுமைதான் இந்தப் பெப்டைடுகளில் பலவற்றை இழுத்து ஒட்டவைக்கிறது. சோடியமும் கால்சியமும் கூடினால் அந்தப் பிடி தளரும். புண்ணில் கசியும் நீரில் இரண்டுமே உண்டு. எனவே லிட்டருக்கு 9 கிராம் உப்பிலும், சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) கலந்தும் திரும்பச் சோதிக்க வேண்டும். கூடவே ரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பியூரோதையோனின் போன்ற கோதுமைத் தையோனின்கள் அவற்றையும் உடைத்துவிடும்.

இவ்வளவும் தாண்டினாலும் உறுதியில்லை. தவளைத் தோல் பெப்டைடை ஒட்டி உருவான பெக்சிகனான் களிம்பு, சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணில் சோதிக்கப்பட்டும் 1999ல் அமெரிக்க அனுமதி பெறவில்லை.

செய்தியைப் படித்துவிட்டு யாரும் சங்குப்பூ இலையை அரைத்துப் புண்ணில் அப்ப வேண்டாம். மண் படிந்த இலையில் டெட்டனஸ் வித்துகள் இருக்கலாம். சிறு சிரங்கென்றால் பொருக்கை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெல்ல நீக்கிவிட்டு, மருத்துவர் எழுதித்தரும் 2 சதவீத முப்பிரோசின் (பாக்டீரியாக் கொல்லி) களிம்பைத் தடவுங்கள். காய்ச்சலோ, பரவும் சிவப்போ இருந்தால் களிம்பு போதாது.

நுண்ணுயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை