குதிரைச் சவாரியும் குழந்தை மனமும்

ஆசிரியருக்கு வணக்கம். சிறப்புக் குழந்தைகளுக்கான குதிரைச் சவாரிப் பயிற்சி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தி, இடுப்பு வலுப்படுவதையும் உடல் சமநிலையையும் நன்றாக விளக்கியது. மனதுக்குக் கிடைக்கும் பலனை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டது. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆட்டிசம் உள்ள என் அக்கா மகன், யாராவது தொட்டாலே விலகி ஓடுவான். சவாரிக்குப் போகத் தொடங்கிய சில மாதங்களில் குதிரையின் பிடரியைத் தானே பிரஷ்ஷால் சீவிவிட்டான். அது காதைப் பின்னால் மடக்கினால், பிடிக்கவில்லை என்று புரிந்து, கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பான். இன்னோர் உயிரின் மனநிலையை அவன் கவனித்ததை நாங்கள் முதலில் பார்த்தது அங்கேதான்.

போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்ற பிறகு ஐரோப்பாவில் இந்தப் பயிற்சி பரவியது. இங்கே கட்டணம்தான் பெரிய தடை. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் என்ன செய்வார்கள்? சென்னைக் காவல்துறையின் குதிரைப்படையில் பழக்கப்பட்ட குதிரைகள் இருக்கின்றன. அவற்றில் சாதுவானவற்றைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு காலை, பிசியோதெரபிஸ்ட் உடனிருக்க, அரசு சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி தர அரசு முன்வர வேண்டும்.

– வாசகி, தாம்பரம்