ஆண்டறிக்கை 2025–26: முதல் வரிக்குப் பட்ட பாடு

தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

போன வருட ஆண்டறிக்கையை வாசித்து முடித்து நான் மேடையை விட்டு இறங்கியதும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னிடம் வந்து, "அண்ணா, 'நமது வாசகர் வட்டம் தொடங்கப்பட்டு'ன்னு ஆரம்பிச்சீங்கல்ல, அதுக்கப்புறம் நான் எதையுமே கேக்கல" என்றது. கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் அந்த அறிக்கையைக் கடையில் உட்கார்ந்து அடித்தபோது எனக்கே இரண்டு முறை கொட்டாவி வந்தது. செயற்குழுவில் இதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகு, இந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை எழுத்து வகுப்பில் வேறு எதையும் தொடாமல் கதைக்கும் கட்டுரைக்கும் முதல் வரி எழுதுவதை மட்டும் எடுத்துக்கொள்வது என்று தீர்மானம் ஆனது. எனவே இந்த அறிக்கையில் பெரும்பகுதி அந்த வகுப்பைப் பற்றியதுதான்.

மற்றவை சுருக்கமாக: மாதக் கூட்டம் பன்னிரண்டில் பத்து நடந்தது. ஒன்று மழையில் போனது, இன்னொன்று முழுஆண்டுத் தேர்வில் போனது. புத்தகங்களைத் திருப்பித் தராதவர்கள் பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது, பெயர் சொல்லி வாசிக்க மாட்டேன். வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியே வாசிப்பார். டீச் செலவு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் ஒரு ஞாயிறு வகுப்புக்கு வந்து பார்த்துவிட்டுக் கேட்கவும்.

நான் டிடிபி கடைக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். தருமபுரியில் பள்ளி ஆண்டு மலர், போட்டிக் கட்டுரை, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று எத்தனையோ என் கை வழியாகத்தான் போயிருக்கின்றன. 'இன்றைய அறிவியல் உலகில்' என்ற மூன்று வார்த்தைக்கு என் கம்ப்யூட்டரில் ஒரு ஷார்ட்கட்டே வைத்திருந்தேன், அவ்வளவு தடவை வரும். கதை என்றால் 'அது ஓர் அழகிய கிராமம்'. அந்த அழகிய கிராமத்தில் பச்சைப் பசேலென்று நெல்வயல் இருக்கும், சலசலவென்று ஆறு ஓடும், குயில் கூவும். எழுதிய பிள்ளையின் ஊரோ பென்னாகரத்துக்கு மேற்கே, கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற மேட்டாங்காடு. ஏரி வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும். அந்த ஊரைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. பிள்ளைகள் மேல் தப்பில்லை. முதல் வரி என்பது வேறு யாரோ எழுதி வைத்திருப்பது, நாம் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் வரியிலிருந்து எழுதினால் போதும் என்றுதான் நாமே பழக்கியிருக்கிறோம்.

முதல் பாடம் எங்களுக்கு ஜூலையில் கிடைத்தது. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் இறந்து 2025 ஜூலை 23ஆம் நாளோடு நூறு வருஷம். அதையொட்டி உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை 'சுப்பிரமணிய சிவா 1884ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்தார்' என்றே ஆரம்பித்தன. தகவல் சரி. ஆனால் நடுவர்கள் மூவரும் அடுத்தடுத்து அதே வரியைப் படித்து, கடைசியில் படிக்காமலே தாண்டத் தொடங்கிவிட்டார்கள். ஒரே ஒரு கட்டுரை மட்டும் இப்படி ஆரம்பித்தது: 'ரயிலில் ஏற அவருக்கு அனுமதி இல்லை.'

நடுவர் ஒருவர் வாய்விட்டே, "யாருக்கு?" என்று கேட்டுவிட்டார். கேட்டவர் தானாகவே அடுத்த வரிக்குப் போனார். வ.உ.சி.யோடு 1908இல் சிறைக்குப் போனவர், சிறையில் தொழுநோய் பற்றியவர், நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற்றமாட்டோம் என்று அரசு சொன்னது, அதனால் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார் என்று கட்டுரை போனது. பிறந்த தேதியும் ஊரும் மூன்றாவது பத்தியில் வந்தன, யாருக்கும் அது தாமதமாகத் தோன்றவில்லை. எழுதியது ஒன்பதாம் வகுப்புப் பெண். எங்கிருந்தம்மா இந்த வரியைப் பிடித்தாய் என்று கேட்டோம். "எங்க அம்மாவும் அப்பாவும் பெங்களூர்ல கட்டட வேலை. ரயில்லதான் ஊருக்கு வருவாங்க. ஏறக்கூடாதுன்னு சொன்னா எப்படி வருவாங்கன்னு நெனச்சேன் சார்" என்றாள்.

அந்தக் கட்டுரைக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. வாழ்க்கை வரலாறு என்றால் பிறப்பில் ஆரம்பிப்பதே முறை என்று ஒரு நடுவர் விடாப்பிடியாக நின்றார். என் கருத்து வேறு. ஆனால் 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்று அழைப்பிதழில் அடித்தவனே நான்தான்.

ஆகஸ்டில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 'எங்கள் வீட்டுத் தொழில்' என்ற தலைப்பில் எழுதிக்கொண்டு வந்தான். வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். நோட்டில் இருந்தது இது: 'பட்டுப்புழு வளர்ப்பு ஒரு சிறந்த குடிசைத் தொழிலாகும். பட்டுப்புழுவின் வாழ்க்கையில் முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என நான்கு நிலைகள் உள்ளன. பட்டுப்புழு மல்பெரி இலைகளை உண்ணும். இது விவசாயிகளுக்கு நல்ல வருமானம் தரும். தருமபுரியில் அரசு பட்டுக்கூடு அங்காடி உள்ளது. ராத்திரியில் புழு தழை தின்கிற சத்தம் மழை மாதிரி கேட்கும்.'

அடிஸ்கேலை எடுத்து முதல் வரி மேல் வைத்து மறைத்தேன். "இப்ப படி. ஏதாவது கொறஞ்சிதா?" "இல்லண்ணா." ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்கினேன். "இப்ப?" "இல்ல." இன்னும் ஒரு வரி. ஐந்து வரியையும் மறைத்த பிறகும் அவன் இல்லை என்றுதான் சொன்னான். ஆறாவது வரி மேல் ஸ்கேல் ஏறியதும், "அண்ணா, அது வேணும்" என்று ஸ்கேலைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த வாரம் திருத்தி எழுதி வந்தான்: 'எங்கள் வீட்டில் வெயில் காலத்திலும் ராத்திரி மழை பெய்யும். கூரைக்கு மேலே இல்லை, கூரைக்குக் கீழே.' பிறகு கடைசிப் பருவத்துப் புழுவின் பசி வந்தது, நடுராத்திரியில் எழுந்து தழை போடுகிற அம்மா வந்தாள், அந்தச் சத்தத்தில் இவன் தூங்கிப் பழகியதும், கூடு கட்ட ஏற்றிய பிறகு வீடு கப்பென்று அடங்கி இவனுக்குத் தூக்கம் வராததும் வந்தன. அங்காடியும் வருமானமும் போகவில்லை, கீழே அவற்றுக்கு உரிய இடத்தில் இருந்தன. "மழை பெய்யும்னு எழுதினா பொய்யாகாதாண்ணா?" என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். அடுத்த வரியிலேயே உள்ளதைச் சொல்லிவிட்டால் பொய் இல்லை, பக்கம் முழுக்க ஏமாற்றினால்தான் பொய் என்று அப்போதைக்குச் சொல்லி வைத்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து அடிஸ்கேல்தான் எங்கள் கருவி. வந்த நோட்டுகளில் முக்கால்வாசியில் கதை நாலாம் வரிக்கும் ஏழாம் வரிக்கும் நடுவில்தான் ஆரம்பிக்கிறது. பஸ் ஸ்டாண்டில் டிரைவர் வண்டியை எடுக்காமல் உறுமவிட்டுக்கொண்டே இருப்பாரே, அது மாதிரி முதல் நாலு வரி. எழுதுகிறவனுக்கு அது வேண்டியிருக்கலாம். உட்கார்ந்திருக்கிறவனுக்கு வண்டி நகர வேண்டும்.

இந்த உற்சாகத்தில் ஒரு தப்பும் நடந்தது, அதற்கு நானே பொறுப்பு. 'முதல் வரி வாசகனின் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும்' என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன். அடுத்த ஞாயிறு ஒன்பது கதை வந்தது. ஐந்தில் முதல் வரியிலேயே பிணம். மீதி நாலில் 'டமார்!', 'ஐயோ!', 'வீல் என்ற அலறல்', அப்புறம் ஒரு பேய். ஆறாம் வகுப்புக் குழந்தை எழுதிய கொலையைப் படித்துவிட்டு அதன் அப்பா கடைக்கே வந்து, "என்னங்க சொல்லிக் குடுக்கறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கரும்பலகையை அழித்துவிட்டு, சத்தம் போடாமல் இழுக்கிற வரி எழுதி வாருங்கள் என்றோம். அதற்கு ஒரு மாதம் பிடித்தது.

அந்த மாதத்தில் கண்ட இன்னொரு வழி, நோட்டை மூடி வைக்கச் சொல்வது. நீரின் தேவை பற்றிக் கட்டுரை எழுத வேண்டிய பெண் 'நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர்' என்று எழுதிவிட்டு அரைமணி நேரமாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். நோட்டை மூடிவிட்டு, உங்க ஊர்த் தண்ணிக்கு என்ன, சும்மா சொல்லு என்றோம். "எங்க பாட்டி சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கும்" என்றாள். ஏன்? பல்லெல்லாம் பழுப்புக் கறை. நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு விளக்கவா வேண்டும்? லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சின்ன வயதில் குடித்து வளர்ந்தால் பல்லில் கறை விழும், பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. பேத்தியின் பல் வெள்ளை, பாட்டி இன்னும் வாயைப் பொத்துகிறாள். கட்டுரை அந்தப் பெண்ணின் வாயிலேயே முழுசாக இருந்தது, எழுத்தில்தான் இல்லை.

இதில்தான் செயற்குழுவில் சண்டை வந்தது. அந்தப் பெண் பள்ளித் தேர்விலும் பாட்டியிலேயே கட்டுரையை ஆரம்பித்திருக்கிறாள். சிவப்பு மையில் 'முன்னுரை எங்கே?' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். அவள் அம்மா அழாத குறையாக வந்து நின்றார். துணைத்தலைவர் ஐயா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் சொன்னது: "தம்பி, நீங்க கடையில உக்காந்து ரசிக்கறீங்க. பரீட்சை ஹால்ல கை நடுங்கற பிள்ளைக்குக் குறள்தான் கைப்பிடிச் சுவர். அதை இடிச்சிட்டு எதைப் பிடிச்சு ஏறச் சொல்றீங்க?" பத்தாம் வகுப்பில் கட்டுரைக்கு எட்டு மதிப்பெண், அதில் விளையாடாதீர்கள் என்றார். எனக்குப் பதில் இல்லை. ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பெண்ணின் திருத்திய கட்டுரையில் பாட்டி முதல் வரியிலும் குறள் மூன்றாம் வரியிலும் வந்தபோது, நான் ஆயிரம் தடவை அடித்த அந்தக் குறளை அன்றைக்குத்தான் படித்தேன்.

கடைசியில் வந்த சமரசம்: தேர்வுக் கட்டுரைக்கு 'முன்னுரை' என்ற உட்தலைப்பு கட்டாயம், குறிப்புச் சட்டகத்தை மீறக்கூடாது, குறள் வேண்டுமானால் முதல் பத்திக்குள் எங்கேயும் வரலாம். வகுப்புக்கென்று தனி நோட்டு, அதில் எந்த விதியும் இல்லை. ஐயாவுக்கு இதில் பாதி திருப்தி, எனக்கும் பாதி.

மார்கழியில் பிள்ளைகளை அதியமான்கோட்டைக்குக் கூட்டிப் போனோம். தகடூர் அதியமானைப் பற்றி ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டுகளில் மூன்றின் ஆரம்பத்தை மட்டும் துணைத்தலைவர் ஐயா சொன்னார். 'களம்புகல் ஓம்புமின் தெவ்விர்': எடுத்த எடுப்பில் எதிரியைக் கூப்பிட்டு, களத்துக்குள் வராதே என்கிறாள். 'இவ்வே பீலி அணிந்து மாலை சூட்டி': 'இதோ இவை' என்று கை நீட்டுகிறாள், நாமும் அவள் தூது போன பகை மன்னன் தொண்டைமானின் ஆயுதச் சாலைக்குள் நின்றுவிடுகிறோம். 'ஒருநாள் செல்லலம் இருநாள் செல்லலம்': ஒரு நாள் போகவில்லை, இரண்டு நாள் போகவில்லை என்று விரல் விட்டு எண்ணுகிறாள், பல நாள் பலரோடு போனாலும் முதல் நாள் போலவே வரவேற்றான் என்பதற்கு. யார் மன்னன், எந்த நாடு என்ற முன்னுரை மூன்றிலும் இல்லை. கரும்பலகையில் நான் எழுதியதை இவள் சத்தமே இல்லாமல் செய்துவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பிள்ளை, "அப்ப ஔவையாருக்கும் முன்னுரை எங்கேன்னு போட்டிருப்பாங்களா சார்?" என்று கேட்டது. ஐயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

இனி பாக்கி வேலைகள். கூட்டம் நடத்துகிற அறையின் சாவி ஒன்றுதான் இருக்கிறது, அதை வைத்திருப்பவர் ஊருக்குப் போனால் வகுப்பு வாசற்படியில் நடக்கிறது. இரண்டாவது சாவிக்கு ஒப்புதல் வேண்டும். புது மின்விசிறிக்கு நன்கொடை கேட்டிருக்கிறோம். வருகிற ஆண்டு கடைசி வரியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது, பொதுக்குழுவே சொல்லட்டும்.

பிள்ளைகளின் கதை மலர் அச்சுக்குத் தயார், ஒரு கதையைத் தவிர. 2020இல் பஞ்சப்பள்ளிப் பக்கம் கிணற்றில் விழுந்த யானையைக் கிரேன் வைத்துத் தூக்கினார்கள் அல்லவா, அதை வைத்துப் பாலக்கோட்டுப் பையன் ஒருவன் எழுதிய கதை. 'கிணற்றுக்குள் இருந்து யானை எங்கள் அப்பாவைப் பார்த்தது' என்று ஆரம்பிக்கிறது. இந்த வருஷத்தின் ஆகச் சிறந்த முதல் வரி என்பேன். ஆனால் இரண்டாம் பத்தியில் கதை கிரிக்கெட் மேட்சுக்குப் போய்விட்டது, அப்புறம் கிணற்றுப் பக்கமே திரும்பவில்லை. பொருளாளர் அக்கா கூட்டுறவு வங்கியில் இருந்தவர். "வாங்கின கடனை அடைக்கச் சொல்லுப்பா" என்று அவனிடம் சொல்லி அனுப்பினார். பக்கம் 14ஐ அவனுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். யானை இன்னும் கிணற்றில்தான் இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்,
தருமபுரி.